மட்ட டியூப்பும் ஊதுபத்தியும்: ஏர் பிளாண்டரைச் சரிசெய்த படகுப் பட்டறை

10 மீட்டர் கயிறு பிடித்து, எங்கள் ஏர் பிளாண்டர் (காற்றின் இழுப்பால் விதை போடும் மெஷின்) விதைத்த மண்ணைக் கையால் கிளறி எண்ணிப் பார்த்தேன். மக்காச்சோளத்துக்கு 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி. அந்தக் கணக்கில் 10 மீட்டருக்கு 40 விதை கிடக்க வேண்டும். முதல் மூன்று வரிசையில் 36, 37, 34. நாலாவது வரிசையில் 23. விதைத்தது சாயல்குடிக்கு மேற்கே ஒரு பெரியவரின் மானாவாரிக் கரிசல். புரட்டாசிக் கடைசி, மழை எப்போது வேண்டுமானாலும் இறங்கும். அன்றைக்கு வாங்கிய வாடகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினோம்.

நாங்கள் என்றால் நானும் என் கொழுந்தனும். வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார். டிராக்டர் ஓட்டுவது கொழுந்தன், கணக்கும் மெஷினும் என் பொறுப்பு. நாலு வரிசை ஏர் பிளாண்டர், பெரம்பலூர் பக்கம் ஒருவரிடம் ஒன்றே கால் லட்சத்துக்குப் பழசாக வாங்கியது. "காத்து கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், கேஜை மாத்துனா சரியாப் போயிரும்" என்று சொல்லித்தான் விற்றார். அந்த "முன்னப்பின்ன"வுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கும் என்று அப்போது தெரியாது.

முதலில் வெளியூரில் விவசாயக் கருவி ரிப்பேர் பார்க்கும் ஒரு இடத்துக்குத்தான் கொண்டு போனோம். பேர் வேண்டாம். புது கேஜ் (இழுப்பை மில்லிபாரில் காட்டும் மீட்டர்), புது பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 6,200 ரூபாய். கேஜ் முள் 54-ல் கம்பீரமாக நின்றது. "பாருங்கம்மா, ஸ்டிக்கர்ல 50-லேருந்து 60 மில்லிபார்னு போட்டிருக்கு, கரெக்டா இருக்கு" என்றார்கள். நிலத்தில் இறக்கினால் பழைய கதையேதான். மேலே சொன்ன 23 விதை, இந்த 6,200 செலவழித்த பிறகு எண்ணியது.

அப்புறம்தான் மூக்கையூர் போகும் ரோட்டில் இருக்கும் படகு எஞ்சின் பட்டறைக்குப் போனேன். போர்டு கிடையாது. வாசலில் இரண்டு பழைய கியர் பாக்ஸ், ஒரு உடைந்த புரொப்பல்லர், உள்ளே மாதா படம், அதன் முன்னால் ஊதுபத்தி. பட்டறைக்காரருக்கு பிளாண்டர் பற்றி ஒன்றும் தெரியாது, அதை அவரே முதலில் சொல்லிவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

"தங்கச்சி, இது காத்தை ஊதுதா, இழுக்குதா? அதை மட்டும் சொல்லு."

இழுக்கிறது என்றேன். டிராக்டர் பிடிஓவில் (பின்னால் சுற்றும் தண்டு) ஓடும் காற்றாடி, அதிலிருந்து வரிசைக்கு ஒரு ஹோஸ், ஹோஸ் முடிவில் ஒரு டப்பா, அதற்குள் துளை போட்ட டிஸ்க். இழுப்பு இருக்கும்வரை ஒவ்வொரு துளையிலும் ஒரு விதை ஒட்டிக்கொண்டு சுற்றும். கீழே வரும்போது அந்த இடத்தில் மட்டும் இழுப்பு கிடையாது, விதை விழுந்துவிடும். இழுப்பு குறைந்தால் துளை காலியாகவே சுற்றும், நிலத்தில் அந்த இடம் சொட்டை. கூடினால் ஒரு துளையில் இரண்டு ஒட்டும்.

"கேஜ் எங்க இருக்கு?"

காற்றாடி வாயிலேயே இருக்கிறது என்று காட்டினேன். சிரித்தார். "அது காத்தாடியோட கதையைத்தான் சொல்லும். நாலாவது வீட்டுக்குத் தண்ணி வருதான்னு மோட்டார் ரூம்ல நின்னு பாத்தா தெரியுமா?"

பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம், தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கும் மட்ட டியூப்பை இரவல் வாங்கிவந்தார். ஒரு பலகையில் அதை 'ப' எழுத்து மாதிரி கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றி, கண்ணுக்குத் தெரிய உஜாலா இரண்டு சொட்டு விட்டார். பக்கத்தில் இஞ்ச் டேப்பைச் சென்டிமீட்டர் பக்கம் தெரிய ஒட்டினார். பிறகு ட்ரில் எடுத்து ஒவ்வொரு டப்பா மூடியிலும் சின்னதாகத் துளை போட ஆரம்பித்ததும் எனக்குப் பகீரென்றது. சொட்டுநீர்க் குழாயின் நிப்பிளை அதில் சொருகி, டியூப்பின் ஒரு முனையை அதில் மாட்டினார். மறுமுனை திறந்தபடி. அளந்து முடிந்ததும் நிப்பிளை ரப்பர் கார்க்கால் அடைத்துவிடலாம், இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

இந்த முறை எவருக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இழுப்பு வந்ததும் ஒரு பக்கத் தண்ணீர் ஏறும், மறுபக்கம் அதே அளவு இறங்கும். இரண்டுக்கும் உள்ள மொத்த வித்தியாசம்தான் கணக்கு. கொழுந்தன் ஏறியதை மட்டும் பார்த்து "27தான் மதினி, பாதிதான் வருது" என்று அலறினான். இறங்கிய 27-ஐயும் சேர்த்தால் 54. ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு மில்லிபார், அதனால் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணோடு நேராகவே ஒப்பிடலாம். பலகை உயரமாக இருக்கட்டும், இல்லையென்றால் நீலத் தண்ணீர் முழுவதும் மெஷினுக்குள் போய்விடும். இன்னொன்று, டிஸ்க் காலியாக இருந்தால் துளை வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும், அளவு குறைவாகக் காட்டும். விதை போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, துளை எல்லாம் நிறைந்த பிறகுதான் அளக்க வேண்டும்.

காற்றாடியில் 54. முதல் வரிசை 52, இரண்டாவது 51, மூன்றாவது 47. நாலாவது 29.

எல்லா வரிசையும் ஒன்றாகக் குறைந்திருந்தால் பெல்ட், காற்றாடி, சுற்று வேகம் என்று தேட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் வியாதி அந்த ஹோஸிலோ டப்பாவிலோதான். இரண்டில் எது என்று பார்க்க மூன்றாவது ஹோஸைக் கழற்றி நாலாவது டப்பாவில் மாட்டினார். 29 என்பது 41 ஆனது. ஏறியது, ஆனால் முழுசாக ஏறவில்லை. "ரெண்டுமே குத்தவாளிதான்" என்றார்.

ஹோஸைக் கண்ணால் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. காற்றை வெளியே ஊதும் குழாயாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழ் வரும். இது உள்ளே இழுக்கிறது, குமிழ் வராது. மாதா படத்தின் முன்னால் இருந்த ஊதுபத்தியை எடுத்துவந்து ஹோஸ் ஓரமாக மெதுவாக நகர்த்தினார். புகை மேலே போய்க்கொண்டே இருந்தது. ஃபிரேமில் உரசும் வளைவின் அடிப்பக்கம் வந்ததும், அந்த நூல் போன்ற புகை பட்டென்று வளைந்து ரப்பருக்குள் போய்விட்டது. விரலால் விரித்துப் பார்த்தால் நகக்கண் அளவு வெடிப்பு. பிளாண்டரைத் தூக்கி நிறுத்தியிருக்கும்போது அது மூடிக்கொள்கிறது, இறக்கினால் வாய் திறக்கிறது. ஷெட்டில் நிறுத்திவிட்டு எத்தனை தடவை தடவிப் பார்த்திருப்பேன்! கிளாம்ப் பக்கத்தில் எலி கடித்த தடம் வேறு.

டப்பாவுக்குள் சீல் தேய்ந்திருந்தது. அது பரவாயில்லை, தேயும் சாமான்தான். டிஸ்க்தான் என் தப்பு. சீசன் முடிந்ததும் டிஸ்க்குகளைக் கழற்றி ஷெட் தகரத்துக்கு அடியில் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். ஒன்று மட்டும் வெயிலில் லேசாக வளைந்துவிட்டது. கண்ணாடிப் பலகையில் வைத்து ஓரத்தில் விரலால் அழுத்தினால் டக் டக் என்று ஆடியது. வளைந்த டிஸ்க் சீலில் முழுசாகப் படியாது, இடுக்கு வழியாகக் காற்று போகும். இப்போது தட்டையாகப் படுக்கவைத்து மேலே பலகை வைக்கிறேன்.

இவ்வளவும் சரி, ஆனால் மற்ற மூன்று வரிசையிலும் 40-க்கு 36, 34 என்று ஏன் குறைந்தது? அதற்கான பதில் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அளப்பதற்கு முன்னால் பிடிஓ நிமிஷத்துக்கு 540 சுற்று ஓட வேண்டும் என்று சொல்லி, படகு ஷாஃப்ட் வேகம் பார்க்கும் லைட் மீட்டரை அடித்துத்தான் ஆக்சிலரேட்டரை நிறுத்தச் சொல்லியிருந்தார். எங்கள் டிராக்டரில் ஆர்பிஎம் முள் செத்து மூன்று வருஷம் ஆகிறது. கொழுந்தன் மெதுவாக, "இவ்வளவு ரைஸ் நான் குடுக்கிறதே இல்லைண்ணே" என்றான். "நீ குடுக்கிற மாதிரி குடு" என்றார். மீட்டரில் 470. டியூப்பில் நீலத் தண்ணீர் 54-லிருந்து சரசரவென்று 41-க்கு இறங்கியது. காற்றாடி வேகம் எட்டில் ஒரு பங்கு குறைந்தால் இழுப்பு நாலில் ஒரு பங்கு போய்விடும், வேகமும் இழுப்பும் சமமாகக் குறையாது.

"டீசல் மிச்சம் பண்ணுனேன் மதினி."

பதில் சொல்லவில்லை. ஆக்சிலரேட்டர் லீவரில் 540-க்கு நேராக என் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். அது இன்றும் இருக்கிறது.

இனி குறைகள். சீலை அவரே படகு கேஸ்கெட் ரப்பரில் வெட்டிப் போட்டுப் பார்த்தார். அழகாகத்தான் வெட்டினார், ஆனால் ரப்பர் கெட்டி. டிஸ்க் கீச்சென்று கத்தியது, பத்து நிமிஷத்தில் செயின் தாண்டியது. அதற்குக் காசு வாங்கவில்லை, ஆனால் அரை நாள் போனது. சீலும் டிஸ்க்கும் கம்பெனி சாமானே போடுங்கள், கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வர எட்டு நாள் ஆனது. அதற்குள் இரண்டு பேர் வேறு மெஷின் வைத்து விதைத்துவிட்டார்கள். பில் கிடையாது, அட்டையில் எழுதித் தருவார். ஞாயிற்றுக்கிழமை திறக்கமாட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போகவே போகாதீர்கள். கரையேறின விசைப்படகு எஞ்சின் எல்லாம் அங்கேதான் பிரிந்து கிடக்கும், நம் பிளாண்டரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆடி மாதம் தோது.

ஆனால் உப்புக் காற்று பற்றி அவருக்குத் தெரிந்த அளவு விவசாயக் கருவி ஆட்களுக்குத் தெரியவில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் ஷெட்டுக்குள் சைக்கிள் பெல் கூடத் துருப்பிடிக்கும். கிளாம்ப் எல்லாம் துருவேறி இறுக்கம் விட்டிருந்தது. எட்டையும் எவர்சில்வர் கிளாம்பாக மாற்றினார், படகில் போடுவது. ஹோஸுக்கு உள்ளே கம்பிச் சுருள் வைத்த சக்சன் ஹோஸ் போட்டார். சாதா ஹோஸ் இழுப்புக்கு உள்வாங்கி ஒட்டிக்கொள்ளுமாம். காற்றாடி இறக்கையில் செதில் செதிலாகப் பெயர்ந்த துருவைச் சுரண்டி பெயின்ட் அடித்துவிட்டு, "வருஷா வருஷம் சுரண்டு, ஒரு பக்கம் கனம் கூடினா பேரிங்கைத் தின்னுரும்" என்றார்.

கிளாம்ப் 360, ஹோஸ் 3 மீட்டர் 510, சீல் நாலும் 1,400, டிஸ்க் ஒன்று 900, கூலி 800. மொத்தம் 3,970 ரூபாய். கூலி இன்னும் கேட்டிருக்கலாம், நான் 1,000 கொடுத்தேன், 200-ஐத் திருப்பித் தந்துவிட்டார்.

எல்லாம் மாட்டிய பிறகு நாலாவது வரிசை 51 காட்டியது. நிலத்தில் மறுபடி கயிறு பிடித்தேன்: 39, 40, 38, 39. விதைத்தது அதே பெரியவர் நிலத்தில், மிச்சமிருந்த இரண்டு ஏக்கர்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்த கேஸ்கெட் ரப்பருக்காக.

போகிறவர்கள் மெஷினை டிராக்டரோடு கொண்டு போங்கள், டப்பாவை மட்டும் கழற்றிக்கொண்டு போனால் அவரால் ஒன்றும் பார்க்க முடியாது. விதை இரண்டு கிலோ எடுத்துப் போங்கள், அங்கே கிடைக்காது. அளந்து முடித்ததும் கீழே சிந்தியதை ஒன்று விடாமல் அள்ளிவிடுங்கள். பட்டறையில் ஏழெட்டு நாட்டுக்கோழி சுற்றும், நம் விதை மருந்து போட்ட விதை.