பழைய பெட்ரோல் காருக்கு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

செக் என்ஜின் லைட் எரியும் பழைய காருக்கு, மலிவாகக் கிடைக்கும் இஎல்எம்327 சிப் வகை ப்ளூடூத் ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்த பழுதுகளை போன் ஆப்பில் காட்டும் கருவி) போதுமா? போதும். ஆனால் அது காட்டும் எரர் கோடை (பி0301 போன்ற பழுது எண்ணை) மட்டும் வைத்துக்கொண்டு சென்சார் வாங்கக் கிளம்பினால் காசுதான் வீணாகும். இந்தக் கருவியின் அருமை லைவ் டேட்டாவில், அதாவது என்ஜின் ஓடும்போதே வரும் சென்சார் அளவீடுகளில் இருக்கிறது.

இந்தியாவில் ஓபிடி-2 (கார் தன் பழுதைத் தானே கண்டறிந்து சொல்லும் பொதுத் தரம்) கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய சில கார்களில் 16 பின் சாக்கெட் இருந்தாலும் பொது ஸ்கேனர் இணையாது. '2.1' பதிப்பு என்று வரும் இஎல்எம்327 நகல்கள் பலவற்றில் சில கட்டளைகள் வேலை செய்வதில்லை. கே-லைன் என்ற பழைய தொடர்பு முறை உள்ள வண்டிகளில் இதனால் தகராறு வரும். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ மாடல்தான் வாங்க வேண்டும்.

சாக்கெட் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். செருகி, சாவியை ஆன் செய்து, போனில் பேர் செய்யுங்கள். பின் நம்பர் பெரும்பாலும் 1234 அல்லது 0000. கோடோடு ஃப்ரீஸ் ஃப்ரேமையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பழுது பதிவான நேரத்தின் ஆர்பிஎம், லோடு, கூலன்ட் சூடு எல்லாம் அதில் இருக்கும். கிளியர் செய்தால் அத்தனையும் போய்விடும். லைட் விட்டு விட்டு மின்னினால் மட்டும் ஆராய்ச்சி வேண்டாம், வண்டியை ஓரம் கட்டுங்கள்: எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும்.

பி0301 வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. சாவியை ஆஃப் செய்து, முதல் சிலிண்டர் காயிலையும் (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) மூன்றாவதையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோடை அழித்து ஓட்டிய பிறகு பி0303 ஆக மாறினால் காயில்தான் போயிருக்கிறது. மாறாவிட்டால் அதேபோல பிளக்கை மாற்றிப் பாருங்கள், அடுத்து இன்ஜெக்டர், கம்ப்ரஷன். காயிலைக் கழற்றும்போது அதன் ரப்பர் உறையைக் கவனியுங்கள். ஆயில் ஈரம் இருந்தால் வால்வ் கவரில் உள்ள பிளக் டியூப் சீல் கசிகிறது. அதை மாற்றாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும்.

அதிகம் குழப்புவது பி0171, அதாவது லீன் மிக்ஸ்சர் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு). லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) சாதாரணமாக ±10 சதவீதத்துக்குள் இருக்கும். ஐடிலில் +20 இருந்து 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் வேக்கும் லீக் (என்ஜினுக்குள் காற்று கசிந்து நுழைவது) என்று எல்லோரும் சொல்வார்கள். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களுக்கு அது சரி. நம் ஊர் சின்ன கார்களில் பெரும்பாலும் இருப்பது எம்ஏபி சென்சார்; இது காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும். காற்று கசிந்தால் மேனிஃபோல்ட் அழுத்தம் ஏறும், ஈசியூவும் (என்ஜின் கம்ப்யூட்டர்) அதற்கேற்ப பெட்ரோலைக் கூட்டிவிடும். அதனால் ட்ரிம் அவ்வளவாக ஏறாது. ஐடில் வேகமும் எம்ஏபி ரீடிங்கும்தான் ஏறும். சூடான என்ஜினில், ஏசி ஆஃபில், ஐடிலில் 30-40 கேபிஏ (கிலோபாஸ்கல், அழுத்த அளவு) இயல்பு. எம்ஏபி கார்களில் ஐடிலில் மட்டும் ட்ரிம் அதிகம் என்றால், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக் இருக்கிறதா பாருங்கள். லோடில் ஏறினால் ஃப்யூயல் ஃபில்டர், பம்ப். எம்ஏபி சென்சாரையே சந்தேகித்தால், என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள்: சென்னையில் சுமார் 100, ஊட்டியில் சுமார் 77 கேபிஏ காட்ட வேண்டும். சிஎன்ஜி கிட் போட்ட வண்டிகளில் ட்யூனிங் சரியில்லாவிட்டாலும் இதே கோடு வரும். கொஞ்ச தூரம் பெட்ரோலில் ஓட்டிவிட்டு ட்ரிம் பாருங்கள்.

பி0135, ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர். முதலில் ஃப்யூஸ். பிறகு கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் உள்ள இரண்டு ஹீட்டர் வயர்களுக்கு இடையே மல்டிமீட்டர் வையுங்கள். சில ஓம் காட்டினால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு வயரிங்கில்; எலி கடித்ததாகவும் இருக்கலாம். ஓப்பன் (உள்ளே இணைப்பு அறுந்தது) என்று காட்டினால் மட்டும் சென்சார் வாங்குங்கள்.

சம்பந்தமில்லாத கோடுகள் ஒரே நேரத்தில் நாலைந்து வந்தால் பேட்டரியையும் எர்த் வயரையும் பாருங்கள். வண்டி ஓடும்போது 13.5-14.5 வோல்ட் இருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளை இது பொதுவாகப் படிக்காது. பி1 என்று தொடங்கும் கம்பெனி கோடுகளுக்குப் பல ஆப்களில் விளக்கம் வராது. 16ஆவது பின்னில் எப்போதும் கரண்ட் இருப்பதால், செருகியே விட்டால் சாவி ஆஃபிலும் பேட்டரியைக் குடிக்கும். வேலை முடிந்ததும் கழற்றி டேஷ்போர்டில் போட்டுவிடுங்கள்.