மார்கழியில் சுண்ணாம்புப் பூச்சு: வேலைக்கு 4, வாக்குக்கு 2

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டி எங்கள் சாளை, அதாவது தோட்டத்து வீடு. அப்புச்சி (அம்மாவின் அப்பா) 1957-ல் கட்டினது. ஆசாரம் என்கிற முன்கூடம், ரெண்டு அறை, பின்னால் தாவாரம், தள்ளி மாடு கட்டும் கட்டுத்தரை. செங்கலை மண்சாந்தில் வைத்து மேலே சுண்ணாம்பு பூசின சுவர். அம்மாயி (அம்மாவின் அம்மா) போனபிறகு எட்டு வருசம் பூட்டியே கிடந்தது. போன கார்த்திகையில் பழுது பார்க்க இறங்கினோம். ஓடும் மரமும் உள்ளூர் ஆட்களே முடித்தார்கள், அதில் குறையில்லை. நான் எழுதுவது, சுவர்ப் பூச்சுக்காகக் காரைக்குடிப் பக்கமிருந்து வந்த குழுவைப் பற்றி.

2009-ல் மாமன் ஒரு கான்ட்ராக்டரை வைத்து, அடியிலிருந்து நாலடி உயரத்துக்கு சிமென்ட் பூசினார். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் எங்கள் பூமியே ஊறிவிடும். அந்த ஈரம் சுவரில் ஏறும். பழைய பூச்சு வழியாக அது பாட்டுக்குக் காய்ந்து போய்க்கொண்டிருந்தது. சிமென்ட் அடைத்துக்கொண்டதும் ஈரம் இன்னும் மேலே ஏறி, அஞ்சடியில் உப்பாய்ப் பூத்தது. தட்டினால் தகர டப்பா சத்தம். கொத்தி எடுத்தபோது உள்ளே மண்சாந்து மாவாய்க் கொட்டியது. ஒரு செங்கல்லைக் கையாலேயே உருவிவிட்டேன். அன்றைக்கு முடிவு பண்ணினேன், இந்தச் சுவருக்கு இனி சிமென்ட் கிடையாது என்று.

மார்கழி 1 வருகிறோம் என்று காரைக்குடிக் குழுவினர் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். வந்தது மார்கழி 13. நடுவில் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. பூச்சு உரிந்த வீட்டில், கதவிடுக்கில் பனிக்காற்று வர, நானும் என் வீட்டுக்காரரும் மூட்டைகளுக்குக் காவல் படுத்திருந்தோம்.

வந்த மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். திட்டலாம் என்றுதான் நின்றேன். மனுசன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மார்கழியில கூப்பிட்டீங்க பாருங்க, அது புண்ணியம்மா" என்றார். சித்திரை வெயிலில் பூசினால் காலைப் பூச்சு மத்தியானமே காய்ந்து மயிரிழையாய் வெடித்துவிடுமாம். "காயுறது வேற, இறுகுறது வேறம்மா." உண்மைதான். சூளையில் வேகும்போது சுண்ணாம்புக்கல் கரியமில வாயுவை விட்டுவிடுகிறது. சுவருக்கு வந்தபின் அதையே காற்றிலிருந்து மெல்ல வாங்கி மறுபடி கல்லாகிறது. அதற்குச் சுவரில் கொஞ்சம் ஈரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். மார்கழிப் பனியில் அந்த ஈரம் நின்றது. சாக்கு நனைத்துத் தொங்கவிடும் வேலை எங்களுக்குப் பாதியாய்க் குறைந்தது.

சுண்ணாம்பு தாளித்த, அதாவது தண்ணீரில் நீற்றிய நாளை மறக்க முடியாது. தொட்டித் தண்ணீரில் கல் சுண்ணாம்பைப் போட்டதும் முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு முணுமுணுப்பு, அப்புறம் தளபுளவென்று கொதி. அந்தக் குளிருக்குப் பக்கத்தில் நின்று கை காட்டலாம்போல இருந்தது. மேஸ்திரி ஒரு அதட்டு அதட்டித் தள்ளி நிற்க வைத்தார். தெறித்தால் கண் போய்விடும். சாந்தில் சேர்க்கக் கடுக்காயையும் கருப்பட்டியையும் தட்டி இன்னொரு தொட்டியில் ஊறப் போட்டார்கள். வெயில் காலத்தில் அஞ்சு நாளில் புளிக்கிறது குளிரில் பத்து நாள் இழுத்தது. வாடை இருக்கிறதே, பழைய கள்ளுப்பானையும் சாயப்பட்டறையும் சேர்ந்த மாதிரி. எருமைகூடத் தொட்டியைச் சுற்றிக்கொண்டுதான் போனது.

ஆசாரத்துச் சுவருக்குக் கடைசியில் பொடிச்சாந்து இழைத்து, ஆற்றுக் கூழாங்கல்லால் தேய்த்தார்கள். ஒரு ஆள் ஒரே முழத்தில் ஒரு மணி நேரம் நின்றார். விளக்கு வைத்தால் சுடர் சுவரில் தெரிகிறது. வேலைக்கு நான் தரும் நான்கு மதிப்பெண்ணில் மூன்று அந்தச் சுவருக்கு.

இனி குறைகள். கூலியும் சரக்கும் சேர்த்துச் சதுர அடிக்கு 170 ரூபாய் பேச்சு. உள்ளூரில் சிமென்ட்டுக்கு 55 கேட்டார்கள். சரி, தெரிந்துதான் ஒத்துக்கொண்டோம். ஆனால் அளக்கும்போது கதவு, ஜன்னல் கழிக்காமல் 1,850 அடி என்று போட்டார்கள். நானே டேப் பிடித்து அளந்தால் 1,720. அரை நாள் வாக்குவாதம். கடைசியில் குறைத்தார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஆள் வைத்துச் செய்கிறவர்கள் கதவு, ஜன்னல் கழிப்பதைப் பற்றி முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள்.

வெள்ளையடிப்பும் அவர்களே. பனி நாளில் பூச்சு சீக்கிரம் வெளுக்காது. விடிந்து பார்த்தால் சாம்பல் திட்டுத் திட்டாய் இருக்கும். நான் பயந்து போய்க் கூப்பிட, "பத்து மணி வெயில் படட்டும்மா" என்றார் மேஸ்திரி. அவர் சொன்னதுபோலவே ஆனது. மூன்று கை அடிக்க ஆறு நாள்.

தை கடைசியில் கிளம்பினார்கள். சித்திரையில் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். தரையிலிருந்து ரெண்டு சாண் உயரத்துக்குச் சுவர் காலையில் கறுக்கிறது, சாயங்காலம் வெளுத்துவிடுகிறது. உப்பு இதுவரை இல்லை.

பின்னறையில் மட்டும் சரியாய்ச் சலிக்காத சுண்ணாம்பு போய்விட்டது. நீறாத கட்டி சுவருக்குள் இப்போது நீறி, மிளகளவு பொத்தல் பொத்தலாய்ப் பொரிந்து விழுகிறது. நேற்று எண்ணினேன், பதினேழு. படம் அனுப்பினேன். இந்தத் தடவை மேஸ்திரி போனை எடுத்தார். ஆடியில் வந்து காசில்லாமல் சரிபண்ணித் தருகிறேன் என்றார். ஆடிக் காற்றில் வேண்டாம், மார்கழிக்கே வாங்க, 1-ம் தேதி என்றால் 1-ம் தேதி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.