முப்பதாயிரத்தில் வளைந்த அல்ட்ராவைடு மானிட்டர்: வளைவைக் கடைசியாகப் பாருங்கள்

பெங்களூரில் 34 அங்குல வளைந்த அல்ட்ராவைடு மானிட்டர் (வழக்கமான 16:9 விகிதத்தைவிட அகலமாக, 21:9 விகிதத்தில் அமைந்த திரை) ஒன்றை இப்போது முப்பதாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் வாங்கிவிட முடிகிறது. விலை இந்த அளவுக்கு இறங்கியதில் நிறுவனங்களின் போட்டிக்குப் பங்கு உண்டு, வரிக்கும் உண்டு. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முந்தைய விலை 28,000 ரூபாய் என்றால், இந்த மாற்றத்தால் மட்டும் 2,800 ரூபாய் மிச்சமாகிறது. கேம் ஆடுவதற்காக இந்த விலையில் ஒன்றை வாங்கலாமா, வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது என்பதே இந்த மதிப்புரையின் பொருள். ஒரே ஒரு மாதிரியை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் இந்த வகை முழுவதையும் சேர்த்துப் பேசுகிறேன். ஏனென்றால் இந்த விலை வரம்பில் மேலே உள்ள பெயர் மாறினாலும் உள்ளே உள்ள பேனலின், அதாவது படம் காட்டும் தகட்டின், குணம் பெரிதாக மாறுவதில்லை.

முதலில் அளவு. 34 என்ற எண்ணைக் கேட்டதும் 32 அங்குலத் திரையைவிடப் பெரியது என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. உண்மையில் 34 அங்குல அல்ட்ராவைடு ஏறத்தாழ 80 செ.மீ. அகலமும் 33 செ.மீ. உயரமும் கொண்டது, வழக்கமான 16:9 விகிதத்தில் அமைந்த 32 அங்குலத் திரையோ 71 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்டது. பரப்பளவில் 32 அங்குலமே பெரியது. (பரப்பில் சிறியதற்கு அதிக வரி வாங்கிக்கொண்டிருந்தோம் என்பது தனி வேடிக்கை.) எனவே அல்ட்ராவைடை, 27 அங்குலத் திரையின் இருபுறமும் பத்துப் பத்து சென்டிமீட்டர் கூட்டிக்கொண்ட ஒன்றாகக் கருதுவதே சரி. இரண்டின் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏற்கெனவே 32 அங்குலத் திரையில் ஆடிப் பழகியவருக்கு, புதிய திரையை மேசையில் வைத்ததும் அது குள்ளமாகத் தோன்றும். 24 அங்குலத்திலிருந்து மாறுபவருக்கு அந்தக் குறை தெரியாது.

அடுத்தது ரெசல்யூஷன், அதாவது திரையில் உள்ள பிக்சல் புள்ளிகளின் எண்ணிக்கை. இங்கே பேரம் பேச இடமே இல்லை என்பது என் கருத்து. விலை குறைந்த அல்ட்ராவைடுகளைத் தேடும்போது 2560×1080 ரெசல்யூஷன் கொண்ட 34 அங்குல மாதிரிகளும் கண்ணில் படும். அவற்றில் ஓர் அங்குலத்துக்கு 82 பிக்சல்கள்தான் வருகின்றன. 27 அங்குலத் திரையில் ஃபுல் எச்டி (1920×1080) வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கரடுமுரடான எழுத்துகள் நினைவிருக்கும். இதுவும் அதே தரம்தான். 3440×1440 கொண்ட 34 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு 110 பிக்சல்கள். வரவு செலவு இடிக்கிறது என்றால் 2560×1080ஐ 29 அல்லது 30 அங்குலத்தில் வாங்குவது பரவாயில்லை. 34 அங்குலத்தில் வேண்டாம்.

இனி வளைவு. பெட்டியின் மேல் 1000ஆர், 1500ஆர், 1800ஆர் என்று அச்சிட்டிருப்பார்கள். திரையின் வளைவை நீட்டி முழு வட்டமாக்கினால் அந்த வட்டத்தின் ஆரம் எத்தனை மில்லிமீட்டர் என்பதே அந்த எண்; எண் சிறியதானால் வளைவு அதிகம். எஸ்.பி. ரோடு என்று எல்லோரும் அழைக்கும் சதர் பத்ரப்பா சாலையில், தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் சொல்லும் விற்பனையாளர் ஒருவர், “ஆயிரம் ஆர் எடுங்க சார், அப்பதான் கேம் உள்ளேயே உக்காந்த மாதிரி இருக்கும்” என்று வற்புறுத்தினார். வீட்டுக்கு வந்து கணக்கிட்டுப் பார்த்தேன். திரையின் நடுவிலிருந்து 75 செ.மீ. தள்ளி அமர்ந்தால், தட்டையான 34 அங்குல அல்ட்ராவைடின் ஓரங்கள் கண்ணிலிருந்து 85 செ.மீ. தொலைவில் இருக்கும். 1800ஆர் வளைவில் அது 81 செ.மீ.; 1500ஆர் என்றால் 80; 1000ஆர் என்றால் 78. தட்டையான திரைக்கும் வளைந்த திரைக்கும் உள்ள வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது. ஓரத்தில் உள்ள வரைபடத்தையோ தோட்டாக் கணக்கையோ பார்க்கும்போது கண் மீண்டும் குவிய வேண்டிய சிரமம் குறைகிறது. ஆனால் 1000க்கும் 1800க்கும் இடையே உள்ளது வெறும் மூன்று சென்டிமீட்டர். அதற்காக இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுப்பதும், நல்ல ஸ்டாண்டு உள்ள ஒன்றைக் கைவிடுவதும் வீண். மாறாக, அதே திரையில் அலுவலக வேலையும் பார்ப்பவர்களுக்கு 1000ஆரில் எக்செல் கோடுகள் வளைந்து தெரிவது எரிச்சலூட்டலாம்.

பெட்டியில் பெரிய எழுத்தில் போடாத ஒன்றுக்கு இப்போது வருகிறேன். இந்த விலையில் கிடைக்கும் வளைந்த திரைகள் பெரும்பாலும் விஏ எனப்படும் எல்சிடி வகைப் பேனல் கொண்டவை. விஏ பேனலின் பலம் கருப்பு நிறம். மற்றொரு எல்சிடி வகையான ஐபிஎஸ் பேனல்களின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) பொதுவாக 1000:1 அளவில் இருக்க, விஏ பேனல்கள் 3000:1ஐ ஒட்டியோ அதற்கு மேலோ தருகின்றன. விளக்கை அணைத்துவிட்டு இரவில் ஆடுபவருக்கு இந்த வேறுபாடு முதல் நிமிடத்திலேயே தெரியும்; ஐபிஎஸ் திரையில் சாம்பல் பூத்துக் கிடக்கும் இரவு வானம் இதில் இரவாகவே இருக்கும்.

அதற்குக் கொடுக்கும் விலைதான் கறை இழுப்பு. விஏ பிக்சல்கள் ஆழ்ந்த கருப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாறுவதற்கு மற்ற நிறமாற்றங்களைவிட நெடுநேரம் எடுத்துக்கொள்கின்றன. 144 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 144 முறை படம் மாறும் வேகத்தில்) ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தனிப்படம், திரையில் நிற்பது ஏறத்தாழ 7 மில்லி வினாடி. பிக்சல் மாறி முடிக்க அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகும்போது, பழைய ஃபிரேமின் நிழல் புதிய ஃபிரேமின் மேல் தங்கிவிடுகிறது. இருண்ட குகைக்குள் கேமராவை வேகமாகத் திருப்பினால், ஈரக் கோலத்தின் மேல் கை பட்டதுபோல் கரிய உருவங்கள் பக்கவாட்டில் இழுபடுவதைக் காணலாம். பெட்டியில் உள்ள “1 மில்லி வினாடி” இதற்கு மறுமொழி ஆகாது. பல மாதிரிகளில் அது பிக்சல் மாறும் நேரமல்ல, எம்பிஆர்டி என்ற வேறோர் அளவு. பின்விளக்கை அணைத்து அணைத்து ஏற்றும் முறையில் பெறப்படுவது. அந்த வசதியை இயக்கினால் வெளிச்சம் குறையும். பெரும்பாலான மாதிரிகளில், கிராபிக்ஸ் கார்டின் வேகத்தோடு திரையின் வேகத்தை ஒத்திசைக்கும் ஃப்ரீசிங்க்கும் அப்போது வேலை செய்யாது. பிக்சல் மாற்றத்தை விரைவுபடுத்தும் ஓவர்டிரைவ் அமைப்பை நடுநிலையில் வைத்தால் இழுப்பு ஓரளவு குறைகிறது. உச்சத்துக்கு ஏற்றினால் கறைக்குப் பதிலாக வெளிறிய ஒளிவட்டங்கள் தோன்றுகின்றன. இது எல்லோரையும் உறுத்துவதில்லை. சிலர் சொல்லிக்காட்டிய பின்னும் காண்பதில்லை. ஆகவே கடையில் திரையை இயக்கிக் காட்டச் சொல்லும்போது, அவர்கள் ஓட்டும் வண்ணமயமான மீன், மலர் வீடியோக்களை நிறுத்திவிட்டு, இருண்ட பின்னணி கொண்ட ஒரு கருப்பு இணையப் பக்கத்தைத் திறந்து எழுத்துகளை வேகமாக மேலும் கீழும் உருட்டிப் பாருங்கள். அது உங்களைத் தொந்தரவு செய்தால், இந்த வகையையே விட்டுவிட்டு 27 அங்குல 1440பி (2560×1440) ஐபிஎஸ் திரைக்குப் போவது நல்லது. விலையும் குறையும்.

கிராபிக்ஸ் கார்டின் பாடு அடுத்தது. ஃபுல் எச்டியில் கார்டு வரைய வேண்டியவை சுமார் 21 லட்சம் பிக்சல்கள்; 3440×1440இல் 49.5 லட்சம். ஏறத்தாழ 2.4 மடங்கு. ஃபிரேம் எண்ணிக்கை அதே விகிதத்தில் விழுந்துவிடாது என்றாலும், ஃபுல் எச்டியில் வினாடிக்கு 60 ஃபிரேமைத் தொடத் திணறும் கார்டு இங்கே நிற்காது. ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற நடுத்தரக் கார்டுடன் சைபர்பங்க் 2077 மாதிரியான கனமான கேமை ஆடுபவர் டிஎல்எஸ்எஸ்ஸை (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் என்விடியா வசதி) இயக்கியே ஆக வேண்டும். மானிட்டர் வாங்கிய பிறகு கார்டுக்கும் பணம் தேட வேண்டியிருக்குமானால், அந்த மானிட்டர் மலிவானதல்ல.

என்ன ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே இந்த அகலம் வரமாவதும் வீணாவதும். ஃபோர்ஸா ஹொரைசன் 5 போன்ற கார் பந்தயங்கள், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, சைபர்பங்க் ஆகியவை 21:9 விகிதத்தை முழுமையாகப் பயன்படுத்துகின்றன. பக்கவாட்டில் கூடுதல் உலகம் தெரிகிறது. பந்தயத்தில் அடுத்த தடத்தில் வரும் வண்டி ஓரக்கண்ணில் படுவது, இந்த வகைத் திரையை வாங்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த காரணம். ஆனால் வேலரன்ட் 16:9க்கு மேல் காட்சியை விரிப்பதில்லை. எல்லோருக்கும் சம வாய்ப்பு என்பது அதன் நோக்கம். எல்டன் ரிங் இருபுறமும் கரும்பட்டையுடன், 60 ஃபிரேம் வரம்புடன்தான் ஓடும். வேறு சில கேம்களில் ஆட்டம் முழுத் திரையில் நடந்து, இடையில் வரும் கதைக்காட்சிகள் மட்டும் 16:9க்குச் சுருங்கும். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டுமே 21:9 படத்தை அனுப்புவதில்லை. கணினி வைத்துக்கொள்ளாமல் கன்சோல் மட்டும் வைத்திருப்பவர் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை மிகுதியாகக் காட்டும் முறை) பற்றிச் சுருக்கமாக: இந்த விலையில் அது இல்லை. “எச்டிஆர்10” என்ற முத்திரை, அந்த சிக்னலை மானிட்டர் ஏற்றுக்கொள்ளும் என்பதை மட்டுமே சொல்கிறது. பகுதி பகுதியாகப் பின்விளக்கை மங்கச் செய்யும் வசதி இல்லாத திரையில் அதை இயக்கினால் படம் பெரும்பாலும் வெளிறித்தான் போகிறது.

மாதிரிகளுக்கு வருவோம். சாம்சங்கின் 34 அங்குல ஒடிசி ஜி5 (சி34ஜி55டி) 1000ஆர் வளைவும் 165 ஹெர்ட்ஸும் கொண்டது; ஆனால் அதன் ஸ்டாண்டை முன்னும் பின்னும் சாய்க்கலாமே தவிர உயர்த்தவோ தாழ்த்தவோ முடியாது. எல்ஜியின் 34டபிள்யூபி65சி 1800ஆர், 160 ஹெர்ட்ஸ். உயரத்தை மாற்றலாம், ஸ்பீக்கரும் உண்டு. ஏஓசியின் சியூ34ஜி2எக்ஸ் 1500ஆர், 144 ஹெர்ட்ஸ்; இதிலும் உயரத்தை மாற்றலாம். மூன்றும் விஏ, மூன்றும் 3440×1440. 144க்கும் 165க்கும் உள்ள வேறுபாட்டை இந்த விலையில் உள்ள கார்டுகளைக் கொண்டு உணர்வது கடினம் என்பதால், என் தேர்வு உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்டு உள்ள பின்னிரண்டில் ஒன்று. அன்றைய விலை எதில் குறைவோ அது. பி.டி.எம். லேஅவுட்டிலோ மாரத்தஹள்ளியிலோ வாடகை அறையில் கிடைத்த மேசையையும் கிடைத்த நாற்காலியையும் வைத்து ஒப்பேற்றுபவருக்கு, ஸ்டாண்டின் உயரம்தான் கழுத்தின் நிலையை நிர்ணயிக்கிறது. தனியாக ஆர்ம் (மேசையில் மாட்டித் திரையைத் தாங்கும் கை) வாங்கிப் பொருத்தலாம் என்றால், விலை குறைந்த ஆர்ம்கள் பல 27 அங்குலத் திரையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. மானிட்டரின் எடையை ஒப்பிடாமல் வாங்கினால் திரை மெல்ல முன்னோக்கித் தலை கவிழ்ந்துகொண்டே இருக்கும்.

இணைப்பிலும் கவனம் வேண்டும். இவற்றில் உள்ள எச்டிஎம்ஐ 2.0 துளை இந்த ரெசல்யூஷனில் பொதுவாக 100 ஹெர்ட்ஸுடன் நின்றுவிடும். முழு வேகத்துக்கு டிஸ்பிளேபோர்ட் கேபிள் தேவை. லேப்டாப்பில் ஆடுபவர், தம் டைப்-சி துளை டிஸ்பிளேபோர்ட் சிக்னலைத் தருமா என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்; எல்லா டைப்-சி துளைகளும் தருவதில்லை. விண்டோஸ் பல நேரங்களில் புதிய திரையை 60 ஹெர்ட்ஸிலேயே விட்டுவைக்கும், டிஸ்பிளே அமைப்புகளில் கைப்பட மாற்ற வேண்டும். என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் ஃப்ரீசிங்க் மானிட்டர் நமக்கு உதவாது என்று அஞ்ச வேண்டியதில்லை. ஜிடிஎக்ஸ் 10 வரிசை முதல் உள்ள கார்டுகள் 2019 ஜனவரியிலிருந்து டிஸ்பிளேபோர்ட் வழியாக அந்த வகைத் திரைகளுடன் ஒத்துழைக்கின்றன.

எங்கே வாங்குவது என்றால், நான் பார்ப்பதற்கு எஸ்.பி. ரோட்டையும் விலை ஒப்பிட இணையத்தையும் பயன்படுத்துவேன். சிக்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்க வேண்டும். நான் ஏறி இறங்கிய கடைகளில் 24, 27 அங்குலத் திரைகளே ஓடிக்கொண்டிருந்தன. 34 அங்குலம் பெட்டிக்குள் இருந்தது, கேட்டால்தான் எடுத்துவந்தார்கள். விலை இணையத்தைவிட ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும், பெட்டியைக் கண்முன் பிரித்து, திரை முழுவதும் கருப்பு, வெள்ளை, சிவப்பு என்று மாற்றி மாற்றிக் காட்டி, செத்த பிக்சல் இல்லை என்று உறுதி செய்து தரும் கடைக்கு அந்த ஆயிரத்தைக் கொடுக்கலாம். ஒன்றிரண்டு பிக்சல் பழுதுக்கெல்லாம் நிறுவனங்கள் வாரண்டியில் பேனலை மாற்றித் தருவதில்லை. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் எழுதப்பட்டிருக்கிறதா, பழுது பார்க்க ஆள் வீட்டுக்கு வருவாரா அல்லது நாம் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதைப் பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். வளைந்த திரையை அதன் சொந்தப் பெட்டியும் தெர்மகோலும் இல்லாமல் ஆட்டோவில் ஏற்றிச் செல்வது ஆபத்து என்பதால், வீட்டில் எவ்வளவு இடநெருக்கடி இருந்தாலும் வாரண்டி முடியும்வரை அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.