சென்னையின் இரவு 9 மணியும் எங்கள் டிகோடர் பூட்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டில், 6 வயதுப் பேத்தியும் 11 வயதுப் பேரனும் பள்ளி விட்டு வந்ததும் ரிமோட்டைத்தான் முதலில் தேடுகிறார்கள் என்பதால், சந்தா கட்டிப் பெறும் எங்கள் டிகோடரில் (செட்-டாப் பாக்ஸில்) உள்ள பெற்றோர் கட்டுப்பாட்டை 8 மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

அதை அமைப்பது எளிது. 4 இலக்க இரகசிய எண்ணைக் கொடுத்து வயதுவரம்பைத் தெரிவு செய்துவிட்டால், அதற்கு மேற்பட்ட வயதுத் தரம் குறிக்கப்பட்ட நிகழ்ச்சி வரும்போது திரை மறைந்து எண்ணைக் கேட்கிறது. பெட்டியோடு வரும் எண்ணை முதல் நாளே மாற்றிவிடுங்கள்; பேரன் அதை இரண்டாம் முயற்சியிலேயே கண்டுபிடித்துவிட்டான்.

ஆங்கிலப் படங்களைப் பொறுத்தவரை எனக்குக் குறையே இல்லை. தென்னாப்பிரிக்கத் திரைப்பட, வெளியீட்டு வாரியத்தின் 13, 16, 18 என்னும் படிகளும், வன்முறைக்கு ‘வி’, கொச்சை மொழிக்கு ‘எல்’ போன்ற எழுத்துகளும் இங்கு எல்லோருக்கும் பழகியவை. பெட்டியும் அவற்றை ஒழுங்காகவே மதிக்கிறது. மேலும், சந்தா சேனல்கள் பெரியவர்களுக்கான காட்சிகளை இரவு 8 மணிக்குப் பிறகும், இலவச சேனல்கள் 9 மணிக்குப் பிறகுமே காட்ட வேண்டும் என்ற ஒளிபரப்பு நெறியும் இந்நாட்டில் உண்டு.

சிக்கல் தமிழ் சேனலில்தான் தொடங்குகிறது. இந்தப் பூட்டு காட்சியைப் பார்ப்பதில்லை. நிகழ்ச்சியோடு அனுப்பப்படும் தரக்குறிப்பை மட்டுமே படிக்கிறது. மருமகளின் பாலில் விஷம் கலக்கும் மாமியாரும், அடியாட்களை ஏவும் மைத்துனரும் நிறைந்த தொடருக்கு எங்கள் பெட்டியில் எந்தத் தடையும் எழுந்ததில்லை. இந்திய நேரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், சென்னையில் பிள்ளைகள் உறங்கப்போகும் இரவு 9 மணிக்கு ஒளிபரப்பாகும் தொடர், அதே வேளையில் இங்கு வந்து சேரும்போது மாலை 5.30 ஆகிறது. பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு உட்காரும் நேரம் அதுவே.

சேனல் முழுவதையும் பூட்டும் வசதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் ஆங்கிலமே வீட்டு மொழியாகிவிட்ட இவ்வூரில், அச்சேனலைப் பூட்டுவது, பேத்தியின் காதில் விழும் கொஞ்சநஞ்சத் தமிழையும் சேர்த்துப் பூட்டுவதாகும். (அவள் ‘சூழ்ச்சி’ என்ற சொல்லைத் தொடரிலிருந்துதான் கற்றாள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.) நெட்ஃபிளிக்ஸ் 2020இலேயே, குழந்தையின் கணக்கிலிருந்து குறிப்பிட்ட ஒரு படத்தையோ தொடரையோ பெயர் சொல்லி நீக்கும் வசதியைக் கொண்டுவந்துவிட்டது. எங்கள் டிகோடருக்கு வேண்டியதும் அதுவே; பாட்டுப் போட்டியை விட்டுவிட்டுத் தொடரை மட்டும் மறிக்க அதில் வழியில்லை.

ஆகவே தமிழ் சேனலைப் பூட்டியே வைத்து, நான் உடன் அமரும்போது மட்டும் எண்ணைக் கொடுத்துத் திறக்கிறேன். ஆங்கில சேனல்களே பார்க்கும் குடும்பத்துக்கு இந்தப் பூட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்; தமிழ் சேனலுக்காகவே சந்தா கட்டுவோர் இதை அரைப் பூட்டு என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். வாங்குவோருக்கு இன்னொன்று: படுக்கையறையில் இரண்டாவது டிகோடர் இருந்தால் அதையும் தனியே அமைக்க வேண்டும். கூடத்துப் பெட்டியைப் பூட்டிய நிம்மதியில் நான் இருந்த முதல் வாரம் முழுவதும், அந்தத் தொடர் உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்தது.