கரண்ட் பில் குறைய யாரிடம் யோசனை கேட்பது?

கரண்ட் பில் எகிறும்போது யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. இணையத்தில் ஆயிரம் பேர், கடையில் பத்துப் பேர், 'இலவசமாக வீட்டைப் பார்த்துத் தருகிறோம்' என்று போன் செய்பவர்கள் தனி. எல்லோரிடமும் ஒரு சுற்று கேட்டுப் பார்த்துவிட்டேன். யார் பேச்சை எதுவரை நம்பலாம் என்பதில் எனக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது.

இலவச ஆய்வுக்காரரிடமிருந்து தொடங்கலாம். எங்கள் வீட்டுக்கு வந்தவர் இருபது நிமிடம் இருந்தார். ஜன்னல்களை அளந்தார். இரட்டைக் கண்ணாடி போட்டால் பில் பாதியாகிவிடும் என்றார். பழைய பில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை! ஜன்னல் விற்பவர் கண்ணுக்கு எல்லாக் குறையும் ஜன்னலில்தான் படும், சோலார் விற்பவருக்குக் கூரையில். பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. எந்த அளவு வாங்குவது, எப்படிப் பொருத்துவது, எத்தனை வருடம் உழைக்கும் என்றெல்லாம் கேட்டால் அவர்களைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை. அந்தப் பொருள் நமக்குத் தேவையா என்பதை மட்டும் அவர்களிடம் கேட்கக் கூடாது.

இதற்கு நேரெதிர் வீட்டு மீட்டர். அதற்கு நம்மிடம் விற்க எதுவுமில்லை. டிஜிட்டல் மீட்டர் என்றால் சின்ன விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். 1000 என்று போட்டிருந்தால், இரண்டு சிமிட்டலுக்கு நடுவே 36 விநாடி ஆகிறபோது வீடு 100 வாட் இழுக்கிறது என்று பொருள். ஒரு ராத்திரி ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டார்ச்சோடு மீட்டர் முன்னால் நின்றேன். இடைவெளி சரியாக ஒரு நிமிடம். அதாவது, 'அணைத்த' வீடு 60 வாட் தின்கிறது. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்ததில், ரிமோட்டில் அணைத்து வைத்திருந்த செட்டாப் பாக்ஸ் மட்டுமே 15 வாட். வருடம் முழுக்க அப்படியே ஓடினால் 131 யூனிட். அதன் மேல்பக்கம் எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும். தூசி தட்டும்போதெல்லாம் தொட்டிருக்கிறேன், அந்தச் சூட்டுக்கும் பில்லுக்கும் முடிச்சுப் போடத்தான் தோன்றவில்லை.

பிளக்குக்கும் சாதனத்துக்கும் நடுவே செருகும் வாட் மீட்டர் இதையே இன்னும் சுலபமாக்கும். ஆனால் ஃபிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடும் சாதனம், குறைந்தது 24 மணி நேரம் அதில் மாட்டி வைத்தால்தான் கணக்கு சரியாக வரும். வாட்டர் ஹீட்டர் போன்ற பெரிய சாதனங்களை அதில் செருகாதீர்கள், தாங்காது. மற்றதையெல்லாம் அணைத்து ஹீட்டரை மட்டும் 6 நிமிடம் ஓட்டுங்கள். வீட்டு மீட்டரில் ஏறிய அளவை 10-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை யூனிட் என்று தெரிந்துவிடும்.

மீட்டருக்கு எவ்வளவு என்றுதான் தெரியும், ஏன் என்று தெரியாது. ஏசி ஓயாமல் ஓடுவது கூரைச் சூட்டாலா, அடைத்த ஃபில்டராலா, எங்கோ இருக்கும் ஓட்டையாலா? இந்த இடத்தில்தான் காசு வாங்கிக்கொண்டு வரும் எனர்ஜி ஆடிட்டர் ஜெயிக்கிறார். எங்களிடம் வந்தவர் முதலில் கேட்டதே 12 மாத பில்தான். அப்புறம் வாசற்கதவில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வரும்வரை காற்றை வெளியே இழுத்தார். புகைக் குச்சியை நீட்டியபடி சுவரோரமாக நடந்தார். ஜன்னல் பக்கம் புகை நேராகத்தான் எழுந்தது. ஏசி குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் சட்டென்று வளைந்து அறைக்குள் பாய்ந்தது. ஓட்டை அங்கேதான். அடைக்கும் பசையான சீலன்ட் ஒரு டியூபோடு வேலை முடிந்தது.

ஆடிட்டரிடமும் ஜாக்கிரதை வேண்டும். சுவரின் சூட்டை வண்ணமாகக் காட்டும் தெர்மல் கேமராவுக்கு உள்ளும் வெளியும் சுமார் 10 டிகிரி வித்தியாசமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்ணப் படம்தான் மிச்சம். 'அறிக்கையில் எழுதுவதை நீங்களே விற்பீர்களா?' என்று முதலிலேயே கேளுங்கள். ஆம் என்றால் அவரும் இலவச ஆய்வுக்காரரின் பங்காளிதான். இரண்டு அறை வாடகை வீட்டுக்கு ஆடிட்டர் வேண்டவே வேண்டாம், மீட்டர் போதும்.

இணையத்தில் தகவல் கொட்டிக் கிடக்கிறது, சிக்கல் அது எந்த ஊர்த் தட்பவெப்பத்துக்கு எழுதப்பட்டது என்பதில்தான். குளிர் நாட்டில் ஈரம் உள்ளிருந்து வெளியே போகும், அதனால் ஈரத்தடுப்புப் படலத்தைச் சுவரின் உட்பக்கம் வைப்பார்கள். புழுக்கமான ஊரில் ஏசி அறைக்கு ஈரம் வெளியிலிருந்து வருகிறது. அங்கே அதே வீடியோவைப் பார்த்து உட்பக்கம் ஒட்டினால் ஈரம் சுவருக்குள் மாட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். சொன்னவர் சரியாகத்தான் சொன்னார், அவர் வீட்டுக்கு.

ஸ்டார் லேபிள் இரண்டு சாதனங்களை ஒப்பிட மட்டுமே. அதிலும் ஸ்டாரை விட்டுவிட்டு வருடாந்திர யூனிட்டைப் பாருங்கள்: ஐந்து ஸ்டார் பெரிய ஃபிரிட்ஜ், மூன்று ஸ்டார் சின்ன ஃபிரிட்ஜைவிட அதிகம் இழுக்கலாம். அளவுகோலும் மாறிக்கொண்டே இருக்கும். ஐரோப்பாவில் ஏ பிளஸ், பிளஸ் பிளஸ் என்று நீண்டுபோனதை 2021-இல் சில சாதனங்களுக்குச் சுருக்கி மறுபடி ஏ முதல் ஜி வரை ஆக்கினார்கள். மின் நிறுவனத்தின் உதவி எண்ணில் பொதுவான குறிப்புகள்தான் கிடைக்கும். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மணிவாரி விவரத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள், அது பொக்கிஷம்.

அலுவலகக் கட்டடம், அடுக்குமாடி என்றால் கதை வேறு. ஆஷ்ரே (ஏசி, வெப்பமூட்டல் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கம்) ஆடிட்டை மூன்று நிலையாகப் பிரிக்கிறது: சுற்றிப் பார்ப்பது, அளந்து ஆராய்வது, முதலீட்டுக்குத் தேவையான அளவு துல்லியமாகக் கணக்கிடுவது. முதல் நிலையிலேயே, ஆளில்லாத இரவில் ஓடும் ஏசி அகப்பட்டுவிடும். மிச்சமாகும் பணத்திலிருந்து கூலி எடுத்துக்கொள்கிறோம் என்று வரும் எஸ்கோ (எரிசக்திச் சேவை) நிறுவனங்களும் உண்டு. கைக்காசு போடாத ஏற்பாடு என்பதால் எனக்குப் பிடிக்கும். ஆனால் 'மிச்சம்' என்பது பழைய வருடத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது. பாதி மாடி காலியானாலும் பில் குறையும், அதற்கும் கூலி கேட்பார்கள். ஆள் எண்ணிக்கை, வெயில் இரண்டுக்கும் ஏற்ப அடிப்படைக் கணக்கை யார், எப்படித் திருத்துவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். இதற்கென்றே ஐபிஎம்விபி என்று ஒரு சர்வதேச நெறிமுறை இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் எப்படிப் போகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.