பிக்கப்பை உயர்த்த ஸ்பேசரா, முழு கிட்டா?

என் இசுசு வி-க்ராஸ் பிக்கப்பை உயர்த்த நான் போட்டது, 40 மி.மீ. தூக்கும் முழு கிட். முன்னால் புது ஸ்பிரிங், புது ஷாக் (ஷாக் அப்சார்பர்), பின்னால் புது லீஃப் செட், அதாவது அடுக்கிய பட்டை ஸ்பிரிங். ஸ்பேசர் என்றால் பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் அப்படியே வைத்துக்கொண்டு அவற்றின் தலையில் செருகும் கட்டை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், அதனால் கீழே எழுதியிருப்பதில் அந்தப் பக்கச் சாய்வு இருக்கும், தெரிந்தே படியுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்கும் ஊருக்கும் ஓடுகிற வண்டி, மாதத்துக்கு ஒரு தடவையாவது வால்பாறை ஏறும். மணலில் பந்தயம் விடுகிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது.

உயரம் கூடினால் பார்க்க நன்றாக இருக்கும், வரப்பும் வாய்க்காலும் ஏறி இறங்கும்போது முன் பம்பரும் வண்டியின் நடு வயிறும் தட்டாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: பின் ஆக்ஸிலின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் கியர் பெட்டி), எந்த லிஃப்ட் (உயர்த்தும் அமைப்பு) போட்டாலும் ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது. அதைத் தூக்குவது டயர் மட்டும்தான். டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் குண்டு 1 அங்குலம் ஏறும். நடுவில் கல் துருத்திக்கொண்டு நிற்கிற பாதைதான் உங்கள் பிரச்சினை என்றால் முதலில் டயரைப் பாருங்கள், லிஃப்ட் அப்புறம்.

பாடி லிஃப்ட் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. சேஸிக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்து பாடியை மட்டும் தூக்குவது அது, பெரிய டயர் நுழைய இடம் கிடைக்கும், சஸ்பென்ஷன் பழையபடியே இருக்கும், வண்டியின் அடிவயிறும் இருந்த இடத்திலேயே இருக்கும். நான் அப்படி ஒரு வண்டியை ஓட்டியதில்லை. ஸ்டியரிங் ராடு, கியர் லீவர், பம்பர் என்று தொட வேண்டியது நிறைய இருப்பதைப் பார்த்ததுமே அந்தப் பக்கம் போகவில்லை.

ஆக நிஜமான போட்டி ஸ்பேசருக்கும் முழு கிட்டுக்கும்தான். ஸ்பேசர் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். நல்ல கிட் லட்சத்தைத் தொடும், தாண்டவும் செய்யும். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது கிட்டுக்கு ஏன் போக வேண்டும்? என் பதில், பராமரிப்பு. அதிலும் குறிப்பாக முன் சக்கரத்தின் சி.வி. ஜாயிண்ட், அதாவது வளைந்த நிலையிலும் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் மூட்டு.

வி-க்ராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டிலும் முன்னால் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலே ஓர் ஆர்மும் (அப்பர்) கீழே ஓர் ஆர்மும் (லோயர்) பிடித்திருக்கும் அமைப்பு. ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட், லோயர் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஸ்ட்ரட்டின் தலையில் 20 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 40 மி.மீ. கிடைக்கும். சுலபமாகத் தெரிகிறது, ஆனால் ஸ்ட்ரட்டின் நீளம் அப்படியேதான் இருக்கிறது, மொத்த ஸ்ட்ரட்டும் கீழே தள்ளப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். சக்கரம் குழியில் தொங்கும்போது கம்பெனி நிர்ணயித்த எல்லையையும் தாண்டி அந்த 40 மி.மீ. கீழே போகும். அந்த நேரத்தில் சி.வி. ஜாயிண்டும், அப்பர் ஆர்மின் முனையில் இருக்கும் பால் ஜாயிண்டும் தாங்க வேண்டியதற்கு மேல் வளைகின்றன, சில வண்டிகளில் அப்பர் ஆர்ம் போய் ஸ்பிரிங்கிலேயே இடிக்கும். சக்கரம் மேலே ஏறும்போது இன்னொரு தொல்லை: அது முழுக்க மேலே வரும்போது பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பைத் தொடுவதற்கு முன்பே ஷாக் தன் அடியில் முட்டிவிடலாம், அந்த அடியை வாங்குவது ஷாக்கின் உள்பாகம்.

எங்கள் பக்கத்தில் ஸ்பேசர் போட்ட ஒரு பிக்கப்பைப் பட்டறையில் வண்டி தூக்கும் மேடையில் ஏற்றியபோது நானும் கூட இருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வீலைக் கழற்றியதும் ரிம்மின் உள்பக்கம் முழுக்க ஒரே கோடாகக் கறுப்பு கிரீஸ் வீசியடித்திருந்தது, சி.வி. ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டின் மடிப்பு ஒன்றில் பிளேடால் கீறியது போல் பிளவு. கிரீஸ் போன இடத்தில் செம்மண் புகுந்திருந்தது. பூட் மட்டும் கிழிந்தால் செலவு சிறியது, மண் புகுந்து ஜாயிண்ட் அரைபட ஆரம்பித்துவிட்டால் செலவு வேறு. இந்த வண்டிகளில் முன் ஹப் (சக்கரத்தின் மையம்) எப்போதும் ஆக்ஸில் தண்டோடு பூட்டியபடியே இருப்பதால், நீங்கள் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூ-வீல் டிரைவில் நெடுஞ்சாலையில் போனாலும் அந்த ஜாயிண்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

சரி, கிட் போட்டால் கோணம் கூடாதா? கூடும். வண்டி சமதரையில் நிற்கும்போது 40 மி.மீ. என்பது எதில் வந்தாலும் 40 மி.மீ.தான், சி.வி.யின் கோணமும் ஒன்றுதான். அதனால்தான் நான் 40-ஓடு நிறுத்தினேன். 50-ஐத் தாண்டினால் அப்பர் ஆர்ம் மாற்று, முன் டிஃபரன்ஷியலை இறக்கு என்று பட்டியல் நீளும். கிட்டின் பலம் தொங்கும் எல்லையில் இருக்கிறது. நன்றாக யோசித்துச் செய்த கிட்டில், சக்கரம் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை ஷாக்கின் நீளமே தடுத்து நிறுத்தும், ஷாக்கின் உள் வால்வும் புது ஸ்பிரிங்குக்கு ஏற்றபடி இருக்கும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இது கையிலேயே தெரிகிறது: வண்டி உயர்ந்திருக்கிறது, ஆனாலும் வளைவில் சாய்வது முன்பைவிடக் குறைவு.

பின்பக்கம் வேறு கதை. கிட் வாங்கும்போது லீஃப் செட்டை எடையை வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்: காலி, நடுத்தரம், எப்போதும் பாரம். இங்கே ஆசைப்பட்டு கனமானதை வாங்காதீர்கள். 4 மூட்டை யூரியா என்றாலே 180 கிலோ, அதை வாரத்தில் ஒரு நாள்தான் ஏற்றுகிறீர்கள் என்றால் நடுத்தரமே போதும். கனமான செட்டோடு காலியாகப் போனால் வேகத்தடைக்கு வேகத்தடை பின்பக்கம் எகிறும், மழையில் அது ஆபத்தும்கூட. ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் இரண்டும் ஆஸ்திரேலியக் கம்பெனிகள், இரண்டிலும் இப்படி எடை வாரியாகக் கிடைக்கிறது. நான் ஓட்டியது ஒன்றை மட்டும்தான், அதனால் இரண்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உங்கள் ஊரில் எதற்கு புஷ்ஷும் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையம்) ஷாக்கும் தனியாக உடனே கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

ஸ்பேசரே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிக்கப்பில் பின்பக்கம் சற்றுத் தூக்கலாகவே வரும், முன்பக்கத்தை அதற்குச் சமமாக்க 20, 25 மி.மீ. உயர்த்தினால் போதும், வண்டி தார் ரோட்டிலேயே ஓடும் என்றால் தரமான ஸ்பேசரோடு நிம்மதியாக இருக்கலாம். ஷாக் ஏற்கெனவே தேய்ந்த வண்டிக்கு மட்டும் வேண்டாம். ஆறு மாதத்தில் ஷாக் மாற்றினால் கழற்றுகிற கூலியும் அலைன்மென்ட் கூலியும் இரண்டு தடவை போகும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிட்டு வேலையை ஆரம்பிப்பது நல்லது.

எதைப் போட்டாலும், போட்ட அன்றே வீல் அலைன்மென்ட் பார்த்து கேஸ்டர் அளவை (ஸ்டியரிங் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) அச்சடித்து வாங்கிக்கொள்ளுங்கள், ஹெட்லைட்டைக் கீழே இறக்கச் சொல்லுங்கள், பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது விறைக்கிறதா என்று பாருங்கள். லீஃப் செட்டைப் பின் ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டை 1,000 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை முறுக்க வேண்டும், அதைப் பட்டறைக்காரர் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.