கோழிமுட்டைக் கருசூழ் சவ்வு மாதிரி: வாங்கலாமா?

பாரிமுனையில் உள்ள ஓர் ஆய்வகப் பொருள் கடையில், கோழிமுட்டையின் கருசூழ் சவ்வுகளைக் காட்டும் ஃபைபர் மாதிரி ஒன்றை எங்கள் கல்லூரி விலங்கியல் துறைக்காக இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் வாங்கினோம். விலை 4,000 ரூபாயைச் சற்றே தாண்டியது. சுவரில் தொங்கும் படத்தை வைத்தே, கருவை நெருங்கிச் சூழும் ஆம்னியானுக்கும் அதற்கு வெளியே சூழும் கோரியானுக்கும் உள்ள உறவை விளக்கி அலுத்துப்போன ஆசிரியர்களுக்கு இப்படி ஒன்று தேவைதான்.

மாதிரியின் ஓடு இரண்டாகத் திறக்கிறது. ஓட்டின் உட்புறம் உள்ள இரண்டு ஓட்டுச்சவ்வுகளையும், மழுங்கிய முனையில் அவை பிரிவதால் உண்டாகும் காற்றறையையும் வெள்ளை நிறத்தில் தனித்துக் காட்டியிருப்பது பாராட்டத்தக்கது. ஏனெனில் தாய்க்கோழியின் அண்டநாளத்தில் உருவாகும் இவற்றையும், கருவே உருவாக்கிக்கொள்ளும் நான்கு சவ்வுகளையும் (ஆம்னியான், கோரியான், அல்லன்டாயிஸ், மஞ்சள்கருவைச் சூழும் கருவுணவுப்பை) மாணவர்கள் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம்.

வண்ணங்களில், கருவின் மூன்று அடிப்படை அடுக்குகளான புறப்படை நீலம், நடுப்படை சிவப்பு, அகப்படை மஞ்சள் என்னும் பாடநூல் மரபைப் பின்பற்றியிருக்கிறார்கள். ஆம்னியானுக்கு உள்ளே நீலம், வெளியே சிவப்பு. கோரியானுக்கு அதுவே தலைகீழ். இரண்டும் ஒரே மடிப்பின் இரு பக்கங்கள் என்பதை, மடிப்புகள் கருவின் முதுகுக்கு மேல் வந்து கூடும் இடத்தில் வெட்டுமுகமாகவே காட்டியிருக்கிறார்கள். அந்த விரலகல இடத்தைத் தொட்டுக் காட்டினால் அரைமணி நேர விளக்கம் மிச்சமாகிறது.

அல்லன்டாயிஸில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். பின்குடலிலிருந்து பிதுங்கி வளரும் அந்தப் பையின் உட்புறம் அகப்படையால் ஆனது என்பதால் மஞ்சளாக இருக்க வேண்டும். எங்களுக்கு வந்ததில் உள்ளும் புறமும் சிவப்பு. அதே இரண்டு அடுக்குகளால் ஆன கருவுணவுப்பையைச் சரியாகத் தீட்டியவர்கள் இதை ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை. மஞ்சள் எனாமல் வாங்கி நாங்களே பூசிக்கொண்டோம்.

அதைவிடப் பெரிய குறை, மாதிரி ஒரே ஒரு நிலையை மட்டும் காட்டுவது. அடைகாலமான 21 நாளில் இது மூன்று, நான்கு நாள் கருவை ஒத்திருக்கிறது. மூன்றாம் நாள் வாக்கில் தலைகாட்டும் அல்லன்டாயிஸ், பிறகு கோரியானோடு இணைந்து, 12ஆம் நாளை ஒட்டி ஓட்டின் உட்புறம் முழுவதையும் போர்த்திவிடுகிறது. கரு மூச்சுவிடுவதும், ஓட்டிலுள்ள சுண்ணாம்புச்சத்தை எலும்புக்கு எடுத்துக்கொள்வதும் அந்த இணைசவ்வின் வழியாகத்தான். யூரிக் அமிலக் கழிவு பைக்குள் சேர்கிறது. இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசிக்கான வைரஸை முட்டையில் வளர்ப்பதும் இந்தப் பையில்தான். இவ்வளவு வேலை பார்ப்பதை மொச்சைக்கொட்டை அளவில் மட்டுமே பார்க்கும் மாணவருக்கு அதன் அருமை எப்படிப் புரியும்? வளர்ந்த நிலையைக் காட்ட, கழற்றி மாட்டும் துண்டு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

உடன் வரும் கையேடு, மாதிரி பறவைகளுக்கும் ஊர்வனவற்றுக்கும் பொருந்தும் என்கிறது. நான்கு சவ்வுகளும் இரண்டுக்கும் பொது என்பதால் அதுவரை சரி. ஆனால் அடைகாக்கும் முட்டையை நாள்தோறும் திருப்ப வேண்டும் என்பதையும் பொதுவிதியாக எழுதியிருப்பது தவறு. கோழிமுட்டையைத் திருப்பாவிட்டால் கரு சவ்வில் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஆமை, முதலை முட்டைகளிலோ, இட்ட சிறிது காலத்திலேயே கரு மேற்பக்கத்து ஓட்டுச்சவ்வில் ஒட்டி நிலைகொள்வதால், அதன்பின் புரட்டினால் இறந்துபோகும் வாய்ப்பு அதிகம். பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஆலிவ் ரிட்லி ஆமை முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றும் தன்னார்வலர்கள் இரவோடு இரவாக, புரட்டாமல் கொண்டுபோவது இதனால்தான். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டே மாணவர்களிடம் கொடுக்கிறோம்.

வாங்குவோர் கடையிலேயே ஓட்டைத் திறந்து, அல்லன்டாயிஸின் உட்புற நிறத்தையும் கீல் திருகுகளின் இறுக்கத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. 72 மணி நேரக் கருவின் நுண்ணோக்கித் தகடு ஏற்கெனவே உள்ள ஆய்வகத்துக்கு இது நல்ல துணை. அது இல்லாதவர்கள் முதலில் தகட்டையே வாங்கலாம்.